இடக்கை வீடு

மூக்கு அரித்தது. மற்ற நாட்களில் முகத்தில் மூக்கு என்று ஒன்று இருப்பதே பிச்சாண்டிக்கு நினைவு வராது. இன்றைக்கு, இரண்டு கையும் தலைக்கு மேலே மாட்டிக்கொண்டிருக்கிற நேரமாகப் பார்த்து, இடது நாசியின் ஓரத்தில் ஒரு நமைச்சல் கிளம்பி மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. மரத்தூளாக இருக்கும். வேம்பா, தேக்கா, பாழாய்ப்போன பிளைவுட்டா என்று அரிப்பின் தினுசை வைத்தே சொல்லிவிடலாம், இருபத்திரண்டு வருஷம் தூசி தின்ற மூக்கு. கையை எடுக்க முடியாது. எடுத்தால் பட்டை தெறித்துவிடும். நாடக மேடைக்குச் செய்த ஏழடி உயர அலமாரியின் நெற்றியில் வளைந்து, இரண்டு பக்கமும் ஓரடி இறங்கி நிற்கிற மெல்லிய மரப்பட்டை அது. ஒரு முனையை இந்தப் பக்கம் அவன் அழுத்திப் பிடித்திருந்தான், மறுமுனையை அந்தப் பக்கம் குழலி. நடுவில் அலமாரி. பசை பிடிக்க அரைமணி ஆகும். கிளாம்பு போட்டிருக்கலாம்தான், ஆனால் பட்டறையில் இருக்கிற ஆறு கிளாம்பும் காலையிலிருந்து தில்லைநகர் டாக்டர் வீட்டுச் சாப்பாட்டு மேசையைக் கவ்விக்கொண்டிருந்தன, சாயங்காலம்வரை அவற்றைத் தொடக் கூடாது. ஆணி அடித்தால் மேடை விளக்கில் ஆணித்தலை பளீரென்று மின்னும், முன்வரிசையில் உட்காருகிறவர்கள் வசனத்தை விட்டுவிட்டு ஆணியை எண்ணுவார்கள். ஆகவே கை. மனுசக் கையைவிட நல்ல கிளாம்பு இன்னும் எவனும் செய்யவில்லை என்று பெருமையடித்துத்தான் குழலியை அந்தப் பக்கம் நிற்கவைத்தான். அரைமணி நேரம். அதற்குள் அவளிடம் கேட்டுவிட வேண்டும்.

என்ன கேட்பது என்பதில் குழப்பம் இல்லை. என்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறீர்களா என்பதுதான். எந்த முகத்தோடு கேட்பது, எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதில்தான் மூன்று நாளாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். மூன்று நாளுக்கு முன்னால் குழலி நாடக சோபாவுக்கு ரெக்ஸின் இழுத்துக் கட்டிக்கொண்டே, கோணி ஊசியை உதட்டில் கவ்வியபடி, ஓசூரில் ஒரு கம்பெனியில் கூப்பிடுகிறார்கள் என்றாள். கார் சீட்டுக்கு உறை தைக்கிற கம்பெனி. நாற்பது பேருக்கு மேற்பார்வை. தங்க இடமும் தருகிறார்கள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் சரி, இல்லை என்று சொல்லியாக வேண்டும், சரி என்றால் திங்கட்கிழமை அங்கே இருக்க வேண்டும். அதைக் கேட்டுப் பிச்சாண்டி என்ன சொன்னான்? "நல்லதாப் போச்சு" என்றான். நல்லதாப் போச்சு! அந்த நாக்கை ரம்பத்தால் அறுத்திருக்கலாம். அவள் ஊசியை உதட்டிலிருந்து எடுத்து அவனை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு ரெக்ஸினைப் பார்த்தாள், பிறகு அன்று முழுக்க ரெக்ஸினையேதான் பார்த்தாள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. பெயிண்ட் வேலை பார்க்கும் முபாரக் பாய் ஜும்மாவுக்குக் கிளம்பிப் போய்விட்டார், பட்டறையில் இவர்கள் இரண்டு பேர்தான். மணி என்ன? பசை தடவும்போது பதினொன்றே கால். அதற்கப்புறம் எவ்வளவு ஓடியது என்று தெரியவில்லை. கண்ணுக்கு எட்டுகிற ஒரே கடிகாரம் நாடகத்துக் கடிகாரம், அதன் முள்ளை முபாரக் பாய் பெயிண்டால் வரைந்திருக்கிறார், எப்போது பார்த்தாலும் பத்து மணி பத்து நிமிஷம். என்ன அழகான மணி, பன்னிரண்டுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிற மணி என்று பிச்சாண்டி ஒரு கணம் அதைக் காதலோடு பார்த்தான்.

"கை வலிக்குதுங்களா?" என்று அலமாரிக்கு அந்தப் பக்கமிருந்து குழலியின் குரல் வந்தது. "இல்ல இல்ல. உங்களுக்கு?" "எனக்கென்ன, நான் ஸ்டூல் மேல சொகமா நிக்கிறேன்." அவ்வளவுதான் பேச்சு. இதோ, இப்போதுகூட, கை வலிக்குதுங்களா என்று மொட்டையாகத்தான் கேட்டாள். அங்கேதான் அவனுடைய மொத்த நம்பிக்கையும் தொங்கிக்கொண்டிருந்தது. நான்கு வருஷமாக அவள் அவனை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குட்டியானை வேன் ஓட்டி வருகிற சின்னப்பன் அவளுக்கு அண்ணன். முபாரக் பாய் பாய். நாடகக் குழு நடத்துகிற அரங்கநாதன், சார். முக்குக் கடை டீ மாஸ்டர் மாமா. மரக்கடையில் ரசீது எழுதுகிறவன் தம்பி. உறையூர் முழுக்க அவளுக்குச் சொந்தக்காரர்கள், இவன் ஒருவனைத் தவிர. இவனுக்கு "இந்தாங்க", "இங்க பாருங்க", "ஏங்க, இந்த ஃபோம் பத்துமா?" ஒரே ஒரு தடவை அண்ணே என்று சொல்லியிருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும். முதல் மாதம் தினமும் காலையில் அவள் உள்ளே நுழையும்போது, இன்றைக்குச் சொல்லிவிடுவாளோ என்று உளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பான். சொல்லவில்லை. இரண்டாவது மாதமும் சொல்லவில்லை. சார் என்றாவது, முதலாளி என்றாவது சொல்லியிருக்கலாமே? அதுவும் இல்லை. ஒருவேளை கூப்பிடுகிற அளவுக்கு ஒரு ஆளாகவே நினைக்கவில்லையோ. ஸ்டூலை யாராவது பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா? அட, அதுகூடத் தேவலை, ஸ்டூல் மேல் அவள் ஏறி நிற்கிறாள் என்று நினைத்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பட்டை லேசாக நழுவ, அவசரமாக அழுத்தினான். பெற்றவர்கள் பிச்சாண்டி என்று பேர் வைத்தார்களே தவிர, ஒருத்தரிடம் ஒன்றைக் கேட்டு வாங்கத் தெரியாத பிள்ளையாகவே வளர்த்துவிட்டார்கள்.

இந்தப் பட்டையை எதற்காகப் பெயர்த்து மறுபடி ஒட்டுகிறோம் என்று நினைத்ததும் காது சூடேறியது. நேற்று சாயங்காலம் ஜங்ஷன் பக்கத்து மன்றத்தில், மேடையில் வீட்டை நிறுத்தி ஒத்திகை. வீடு என்றால் கூடம், சமையலறை வாசல், எழுதுமேசை, இந்த அலமாரி. பேங்கிலிருந்து ஓய்வு பெற்ற அரங்கநாதன் சாரும் அவருடைய சிநேகிதர்களும் நடிக்கிற சிரிப்பு நாடகம். மாமனார் வருகிற சத்தம் கேட்டதும் கதாநாயகன் அலமாரியைத் திறந்து உள்ளே பாய வேண்டும். கதாநாயகனுக்கு வயது அறுபத்திரண்டு, இருந்தாலும் பாய்வார். வலக்கையை வீசினார், கைப்பிடி அங்கே இல்லை. இடப்பக்கம் இருந்தது. குறுக்கே கையை நீட்டி இழுத்தபோது அவருடைய முதுகுதான் சபைக்குத் தெரிந்தது, வசனம் முழுக்க அலமாரிக்குள் போய் விழுந்தது. சரி, ஒரு தவறு என்று விட்டார்கள். அடுத்தது எழுதுமேசை. கதாநாயகி அழுதுகொண்டே கடிதத்தை எடுக்க வேண்டும். வலது பக்கம் துழாவினால் வெறும் பலகை. டிராயர்கள் எல்லாம் இடது பக்கம். தேடிப் பிடிப்பதற்குள் அழுகை வற்றிவிட்டது. சமையலறைத் தாழ்ப்பாள் இடது. கரண்டி மாட்டுகிற கொக்கி இடது. அரங்கநாதன் சார் மேடையில் ஏறி, கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்தார். "யோவ் பிச்சாண்டி, என்னய்யா இது, வீடே இடக்கை வீடா இருக்கு? யாருக்குய்யா கட்டினே இதை?" மன்றமே சிரித்தது. பிச்சாண்டியும் அசடு வழியச் சிரித்தான், சிரித்துக்கொண்டே வந்து பாதியில் நின்றுபோனான். நல்லவேளை, குழலி அங்கே இல்லை, பட்டறையில் திண்டு தைத்துக்கொண்டிருந்தாள். எழுதுமேசையைத் திருப்பிப் போட்டாயிற்று, தாழ்ப்பாளை மாற்றியாயிற்று. அலமாரியை மட்டும் பட்டறைக்கே கொண்டுவந்து, கீலைக் கழற்றி, கதவை மறுபக்கம் மாட்டி, அதற்காகப் பெயர்த்த நெற்றிப்பட்டையை இப்போது ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மணிக்குக் குட்டியானை வந்துவிடும், ஆறரைக்கு நாடகம். "ஏன் மாத்தணும்? நல்லாத்தானே இருந்துச்சு?" என்று காலையில் குழலி கேட்டாள். "அவங்களுக்கு இப்படி வேணுமாம்" என்று சொல்லிவிட்டு, இல்லாத ஆணியைத் தேடுகிறவன்போலக் குனிந்துகொண்டான்.

யாருக்குய்யா கட்டினே இதை? அந்தக் கேள்வி காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. அவன் வேலை செய்கிற விதம் அப்படி. பென்சிலை எடுப்பதற்கு முன் கண்ணை மூடிக்கொள்வான். வெறும் அறை ஒன்று வரும். அதில் ஒரு ஆளை நடக்கவிடுவான். அந்த ஆள் எங்கே கையை நீட்டுகிறதோ அங்கே கைப்பிடி, எங்கே சோர்ந்து உட்காருகிறதோ அங்கே நாற்காலி, எங்கே குனிகிறதோ அங்கே டிராயர். முகமெல்லாம் பார்ப்பதில்லை, யாரோ ஒரு ஆள், அவ்வளவுதான். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான். நேற்று சார் கேட்ட நொடியில் அந்த ஆள் அறைக்குள்ளிருந்து திரும்பிப் பார்த்தது. குழலி. நான்கு வருஷமாக அவனுடைய எல்லா அறைகளிலும் நடந்துகொண்டிருந்தது அவள்தான், இடது கையால் கதவைத் திறந்து, இடது கையால் விளக்கைப் போட்டு. அடக் கடவுளே, அப்படியென்றால் வீடுகள்? நாடகம் இரண்டு மணி நேரம், பிரித்துவிடலாம். வீடுகள்? கே.கே.நகர் என்ஜினியர் போன வருஷம் போன் செய்தார்: "எல்லாம் பிரமாதம் தம்பி, ஆனா புக்கு எடுக்கறப்பல்லாம் கதவு முழங்கையில இடிக்குது." தில்லைநகர் டாக்டர் சம்சாரம் சர்க்கரை டிராயரைப் பற்றி என்னவோ சொன்னார், அவன் காதில் வாங்கவில்லை. பொன்மலையில் ஒரு தொட்டில், புத்தூரில் ஒரு டிரெஸ்ஸிங் டேபிள், பெரிய மிளகுபாறையில் இரண்டு அலமாரி. ஸ்ரீரங்கத்து மாமி ஒருத்திதான் பூஜை மாடத்தைப் பாராட்டினாள்: மணி இடக்கைப் பக்கம் தொங்குவது ரொம்ப வாகு, வலக்கையில் ஆரத்தி காட்டிக்கொண்டே அடிக்கலாம் என்று. ஊரெல்லாம் முழங்கையை இடித்துக்கொண்டிருக்கிறது! திருச்சிராப்பள்ளி முழுக்க, வீடு வீடாக, கூலியும் வாங்கிக்கொண்டு, இந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது என்று தேக்கிலும் வேம்பிலும் எழுதி வைத்திருக்கிறான். எழுதினவனுக்குத்தான் நான்கு வருஷம் கழித்துத் தெரிகிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கத்துக்கு அடியில் ஒரு சந்தோஷம், அடக்கமாட்டாத சந்தோஷம்.

அவள் முதல்முதலாக இங்கே வந்தது வேலைக்கு அல்ல, சண்டைக்கு. பாண்டமங்கலத்தில் ஒரு வீட்டுக்கு இவன் சோபா செய்து கொடுத்திருந்தான், மெத்தை தைக்க அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு விடுவிடுவென்று உள்ளே வந்து, "இதைச் செஞ்ச ஆள் யாரு?" என்றாள். "நான்தான்." "அதுல நீங்க உக்காந்து பாத்தீங்களா? ஆழம் எம்புட்டு வெச்சிருக்கீங்க? உக்காந்தா கால் தரையில எட்டல, சாஞ்சா முதுகு எட்டல. நாடகத்துல உக்காருறவங்க நுனியில உக்காந்து வசனம் பேசிட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க. வீட்டுல மனுசங்க சாயணும்ல?" அதுவரை அவன் செய்த நாற்காலிகள் எல்லாமே பார்க்கிறவர்களுக்காகச் செய்தவை, உட்காருகிறவர்களுக்காக அல்ல என்று ஒரு நிமிஷத்தில் விளங்கிவிட்டது. மறுநாள் சோபாவைத் திரும்பக் கொண்டுவந்து அறுத்தான். அவள் கூடவே இருந்து மெத்தை தைத்தாள், அன்றிலிருந்து பட்டறையின் மெத்தை வேலையெல்லாம் அவளுடையது. இடது கையில் கத்தரி. தையல்காரர் கத்தரி வலக்கைக்காரர்களுக்கு வார்த்தது, அதை இடக்கையில் பிடிக்கக் கட்டைவிரலைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி, விரலடியில் காய்த்துப் போயிருந்தது. சோறும் திருநீறும் மட்டும் வலக்கை, மற்றதெல்லாம் இடது. யாருக்காவது ஒன்றைக் கொடுக்கும்போது ஒரு கணம் தயங்கி வலக்கைக்கு மாற்றிக்கொள்வாள், டீ மாஸ்டருக்குச் சில்லறை கொடுத்தாலும் அப்படித்தான். இவனிடம் கொடுக்கும்போது மட்டும் மாற்றுவதில்லை. உளியோ, டீ டம்ளரோ, கோவிலிலிருந்து கொண்டுவந்த பொட்டலமோ, எல்லாம் நேராக இடக்கையால். அது என்ன? மரியாதைக் குறைவா? இல்லை, நம்ம ஆள்தானே என்கிற சுதந்திரமா? மரியாதைக் குறைவு என்றால் இத்தனை இனிப்பாக இருக்காதே. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அப்பா தவறிப்போனபோது பதினாறு நாள் பட்டறைக்கு வரவில்லை. அந்தப் பதினாறு நாளில் இவன் மூன்று பலகையைத் தப்பாக அறுத்தான், இருபத்திரண்டு வருஷத்தில் அறுத்த தப்பெல்லாம் சேர்ந்தாலும் அவ்வளவு வராது.

இல்லை என்று சொல்லிவிட்டால்? அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு மரத்துக் கணுவில் மாட்டிய இழைப்புளி மாதிரி நின்றுவிடும். மூன்று நாளாக அங்கேயேதான் நிற்கிறது. கேட்காமல் இருந்தால் போய்விடுவாள். கேட்டு, இல்லை என்றால், அதனாலேயே போய்விடுவாள். ஆக எப்படியும் போகிறவளிடம் கேட்டால் என்ன நஷ்டம்? நஷ்டம் உண்டு. கேட்காதவரை, அவள் ஓசூரிலிருந்து பொங்கலுக்கு வருவாள், பட்டறையை எட்டிப் பார்ப்பாள், இந்தாங்க என்று எதையாவது நீட்டுவாள். கேட்டுவிட்டால் அதுவும் போயிற்று. வயது நாற்பத்தைந்து. தங்கைகள் கல்யாணம், பட்டறைக் கடன் என்று தள்ளித் தள்ளி வந்து, கடன் தீர்ந்த வருஷம் கண்ணாடியில் பார்த்தால் காதோரம் வெள்ளை. மேடையில் நூற்றுக்கு மேல் வீடு கட்டியிருக்கிறான், ஒன்றிலும் பால் காய்ச்சியதில்லை. மேடை வீட்டுக்கு மூன்று சுவர்தான், நாலாவது பக்கம் சபைக்குத் திறந்திருக்கும். அந்தத் திறந்த பக்கத்தில் நின்றுதான் அவன் குடும்பங்களைப் பார்த்திருக்கிறான். அவன் குடியிருப்பது சைக்கிள் கடை மாடியில் ஒற்றை அறை, அதில் இருக்கிற ஒரே நாற்காலி பிளாஸ்டிக். இப்போது, கை மரத்துப்போய், கன்னத்தைப் பலகையில் சாய்த்துக்கொண்டு நிற்கிற இந்த நேரத்தில், கேட்காமலே ஒரு வீடு கண்ணுக்குள் வந்தது. நாலு சுவரும் இருக்கிற வீடு. சன்னலுக்குக் கீழே அவளுடைய தையல் மிஷின், வெளிச்சம் வலப்பக்கமிருந்து விழும்படி. சாய்ந்தால் முதுகு எட்டுகிற இரண்டு நாற்காலி. அடுப்பு மேடை அவளுடைய உயரத்துக்கு, இவனுக்கு இரண்டங்குலம் தாழ்வாக இருக்கும், இருந்தால் என்ன, குனிந்து காய் நறுக்கினால் குறைந்தா போய்விடுவான். ஐயோ, என்ன வேகம், இன்னும் வாயையே திறக்கவில்லை, அதற்குள் காய் நறுக்குகிறான்! பிச்சாண்டி தன்னைத்தானே திட்டிக்கொண்டான், திட்டிக்கொண்டே அடுப்பு மேடைக்குக் கருங்கல்லா கடப்பாக்கல்லா என்று யோசித்தான்.

அந்தப் பக்கம் போன் அடித்தது. "கையை எடுக்காதீங்க!" என்று கத்திவிட்டான். "எடுக்கலைங்க, ஒரு கை போதும்" என்றாள் குழலி. பிறகு வேறு குரலில், கூட்டுறவு வங்கியில் பேசுகிற குரலில், "சொல்லுங்க சார். ஆமாங்க சார். யோசிச்சுட்டேன் சார். இல்லைங்க, பன்னெண்டுக்கு நீங்களே கூப்பிடுங்க, கட்டாயம் சொல்லிடுறேன்." யோசிச்சுட்டேன் என்றாளே. யோசித்தது என்ன? சரி என்று யோசித்தாளா, இல்லை என்று யோசித்தாளா? இல்லை என்றால் அப்போதே சொல்லியிருக்கலாமே, எதற்குப் பன்னிரண்டு? சரி என்றாலும் அப்போதே சொல்லியிருக்கலாமே. பக்கத்துக் கொட்டகையில் விசைத்தறி ஓட ஆரம்பித்தது. டடக் டடக் என்று தரை அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில் அலமாரிக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. "குழலி?" என்று கூப்பிட்டான். பதில் இல்லை. தறிச் சத்தத்தில் கேட்டிருக்காது. அல்லது கேட்டும் பேசவில்லை. கோபமோ? நல்லதாப் போச்சு என்று சொன்னவனிடம் என்ன பேச்சு என்று இருக்கிறாளோ? பட்டை நழுவவில்லை, ஆகவே நிற்கிறாள், பிடித்திருக்கிறாள். அது போதும். தறி ஓடுகிறவரைதான் துணிச்சல், ஓடும்போதே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பழகிவிட வேண்டும் என்று தோன்றியது. நடிகர்களே நூறு தடவை ஒத்திகை பார்க்கிறார்கள், தச்சன் நாலு தடவை பார்த்தால் தப்பா? மரத்துக்குள் பேசினால் வெளியே போகாது என்று ஒரு நம்பிக்கை. உதட்டைப் பலகைக்குக் கிட்டே கொண்டுபோனான்.

"ஓசூர்ல தண்ணி நல்லா இருக்காதுங்க. குளிரு வேற ஜாஸ்தி. போகாதீங்க." சொல்லிப் பார்த்ததும் அவனுக்கே கேவலமாக இருந்தது. தண்ணீருக்காகவா? குடத்தோடு அனுப்பி வைக்கலாமே. இரண்டாவது: "இந்தப் பட்டறைய ரெண்டு பேர் பேர்லயும் எழுதிக்கலாம்னு ஒரு யோசனை. சரிபாதி. நீங்க என்ன சொல்றீங்க?" இதற்குப் பதிலாக அவள் ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு வருவாள். மூன்றாவது, கொஞ்சம் மேலே போய்: "எனக்கு நாப்பத்தஞ்சு வயசு. சக்கரை இல்ல, பி.பி. இல்ல. பீடி சிகரெட் கிடையாது. கோவம் வராது, வந்தாலும் நிக்காது." மரக்கடையில் கணு இல்லை, வெடிப்பு இல்லை என்று பலகையைத் தட்டிக் காட்டுவதுபோல இருந்தது. நெற்றியைப் பலகையில் மெல்ல முட்டிக்கொண்டான். மூன்றும் பொய். பொய் என்றால், உள்ளே இருப்பது எதுவும் அதில் இல்லை. உள்ளே இருப்பதைச் சொல்ல வார்த்தை தேட வேண்டியதில்லை, அது நேற்றிலிருந்து அங்கேயே நிற்கிறது, தள்ளினால் வந்துவிடும். பிச்சாண்டி கண்ணை மூடினான். "குழலி, நான் பென்சில் எடுத்தா நீங்கதான் வர்றீங்க. நாலு வருசமா எல்லாக் கதவையும் உங்க கைக்குத்தான் வெச்சிருக்கேன். வேணும்னு வைக்கல. எனக்கே தெரியாது. நீங்க போயிட்டா நான் எந்தப் பக்கம் கைப்பிடி வைக்கிறதுன்னு தெரியாம நின்னுருவேன். என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?" சொன்ன பிறகுதான் கவனித்தான், தறி நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. கல்யாணம் என்ற சொல் பட்டறை முழுக்கக் கேட்டிருக்கும். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நெஞ்சு அடித்துக்கொள்வது பலகையில் திரும்பி அடித்தது. கேட்டுவிட்டாள். கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்கிறாள். முடிந்தது.

"நாலாவதா சொன்னதுதான் நல்லா இருந்துச்சு."

குரல் அலமாரிக்கு அந்தப் பக்கமிருந்து வரவில்லை. அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. பிச்சாண்டி கையை எடுக்காமலே கழுத்தை மட்டும் திருப்பினான். நாடகத்து சோபாவில், அவளே இழுத்துக் கட்டிய ரெக்ஸின் மேல், காலை மடித்துப் போட்டு, முன்வரிசைச் சீட்டு வாங்கினவள் மாதிரி குழலி உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, சிரிப்பும் நின்றது.

"எப்ப வந்தீங்க?"

"ஓசூர்ல தண்ணி நல்லா இருக்காதுன்னீங்களே, அப்ப."

"பட்டை?"

"அது பிடிச்சு எவ்வளவோ நேரமாச்சு. சொல்லலாம்னுதான் இறங்கி வந்தேன். நீங்க என்னமோ அலமாரிகூட ரகசியம் பேசிட்டு இருந்தீங்க. இடைஞ்சல் பண்ண வேண்டாம்னு உக்காந்துட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டாவது எனக்குப் புரியல, பத்திர ஆபீஸ்ல பேசுற மாதிரி இருந்துச்சு. மூணாவதுல பி.பி. இல்லைன்னீங்க. காதைத் தொட்டுப் பாருங்க, எப்படிச் செவந்து கெடக்குன்னு."

தரை பிளக்காதா என்று பிச்சாண்டிக்கு ஒரு பக்கம், பிளந்துவிட்டால் இந்த முகத்தைப் பார்க்க முடியாதே என்று இன்னொரு பக்கம்.

"கையை எடுங்க. இந்தப் பக்கம் திரும்பி, நாலாவதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் குழலி. "அலமாரிக்குச் சொன்னதெல்லாம் கணக்குல வராது."

கையை எடுத்தான். பட்டை அசையவில்லை. விரலெல்லாம் மரத்து, ரத்தம் குறுகுறுவென்று இறங்கியது. இரண்டு கையையும் எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் ஒரு கணம் தலையில் வைத்தான், பிறகு இடுப்பில் வைத்தான், பிறகு தொங்கவிட்டான். சொன்னான். முதலில் சொன்ன அழகில் பாதிகூட வரவில்லை, பென்சில் விட்டுப்போயிற்று, கதவு நடுவில் வந்தது, கல்யாணம் மட்டும் சரியாக வந்தது. அரங்கநாதன் சார் இருந்திருந்தால் மறுபடி சொல்லச் சொல்லியிருப்பார். குழலி ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள், பதில் சொல்ல வாயைத் திறந்தாள், அவள் மடியில் கிடந்த போன் அடித்தது.

அவள் போனைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். எடுத்துக் காதில் வைத்தாள்.

"வணக்கம் சார். ஆமா சார், பன்னெண்டு ஆயிருச்சு. இல்லைங்க சார், வர முடியாது. சம்பளம் எல்லாம் நல்லாத்தான் சார் சொன்னீங்க, அதுல ஒரு குறையும் இல்லைங்க." அவள் சோபாவின் ரெக்ஸினை ஒருமுறை தடவிவிட்டாள். "எனக்குக் கல்யாணம் சார்."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். குழலி போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"எப்போன்னு கேக்குறாரு."

சித்திரையிலிருந்து பங்குனிவரை ஒரு மாதத்தின் பேரும் பிச்சாண்டிக்கு ஞாபகம் வரவில்லை.